வீட்டுக் காற்றாடி மின்சாரம்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கயம் பக்கங்களில் தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு)ச் சொந்தமாக ஒரு காற்றாடி கட்டிக்கொள்ள விரும்புவோர் பெரும்பாலும் ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாகத் தொகுத்திருக்கிறேன். வேறு அளவு குறிப்பிடாத இடங்களில் எல்லாம், 2 மீட்டர் விட்டமும் மூன்று இறக்கைகளும் கொண்ட காற்றாடியையே கணக்குக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். முதன்முதலாகக் கட்டுபவருக்கு அதைவிடப் பெரியது வேண்டாம் என்பது என் கருத்து.

1. ஆடிக்காத்துல அம்மியே நகரும்பாங்க. அந்தக் காத்த வெச்சு வீட்டுக்கு வேண்டிய கரண்ட எடுத்துற முடியாதுங்களா?

ஆடியில் எடுக்கலாம், ஆண்டு முழுவதும் எடுக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நெருக்கிக்கொண்டு புகுந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் மேட்டாங்காடுகளின் மீது வீசுகிறது. பெரிய காற்றாலைகள் இந்தப் பகுதியில் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். இந்தக் காற்று வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை நீடிக்கும், அதன்பின் தளர்ந்துவிடும்.

திறந்த வெளியில், போதிய உயரத்தில், பருவத்தின் சராசரிக் காற்று விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் என்று கொண்டால், நன்றாகக் கட்டிய காற்றாடி நாளொன்றுக்கு 2 யூனிட் அளவுக்குத் தரும். சராசரி 3 மீட்டராக இறங்கும் மாதங்களில் அரை யூனிட் தேறுவதே அரிது. 2 யூனிட் என்பது மின்சாரம் குறைவாக இழுக்கும் நான்கு பிஎல்டிசி மின்விசிறிகள், ஆறேழு எல்இடி விளக்குகள், ஒரு தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் போதும்; மாவரைக்கும் கிரைண்டரையும் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரையும் அதில் சேர்க்கக் கூடாது.

2. ஒரு கிலோவாட் காற்றாடின்னு போட்டு விக்கறாங்க. நான் எத்தனை வாட்ல கட்டறது?

வாட் கணக்கிலிருந்து தொடங்காதீர்கள், விட்டத்திலிருந்து தொடங்குங்கள். காற்றில் உள்ள ஆற்றல், இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பையும் காற்றின் வேகத்தையும் பொறுத்தது. விட்டம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காகும். இந்த எட்டு மடங்குக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் இந்தத் தொகுப்பில் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

காற்றில் இருப்பதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் பறித்துக்கொள்ள முடியாது என்பது, ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் பெயரால் வழங்கும் வரம்பு. இறக்கை, ஜெனரேட்டர், கம்பி இழப்புகள் எல்லாம் போக, வீட்டில் கட்டிய காற்றாடியில் கால் பங்கு கைக்கு வந்தாலே அது நல்ல வேலைப்பாடு. அந்தக் கணக்கில் 2 மீட்டர் காற்றாடி, விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் 12 வாட், 5 மீட்டர் காற்றில் 55 வாட், 8 மீட்டர் காற்றில் 230 வாட், 10 மீட்டர் காற்றில் 450 வாட் அளவில் தரும். விற்பவர் எழுதியிருக்கும் ஒரு கிலோவாட் பெரும்பாலும் 12 மீட்டருக்கு மேற்பட்ட காற்றுக்கான எண். அப்படிப்பட்ட காற்று வருடத்தில் எத்தனை மணி நேரம் வீசும் என்பதை அவர் எழுதுவதில்லை.

3. மொட்டை மாடியில ஒரு பைப்ப நட்டு வெச்சாப் போதாதுங்களா?

போதாது. வீட்டுச் சுவரிலும் கைப்பிடிச் சுவரிலும் மோதிய காற்று மாடிக்கு மேலே சுழலும் சிதறலுமாகவே வருகிறது. அந்தக் காற்றில் காற்றாடி திசை மாறி மாறித் திரும்புமே தவிர, சுற்றாது. அதோடு, அதன் அதிர்வு கம்பம் வழியாகக் கட்டடத்துக்குள் இறங்கும். இரவில் வீட்டில் உள்ளவர்கள் உறங்க மாட்டார்கள், நாளடைவில் தளத்தில் வெடிப்பும் காணும்.

100 மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் மிக உயரமான மரம் அல்லது கட்டடத்தைவிட இறக்கைகள் 9 மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. நெட்டைத் தென்னை 20 மீட்டரையும் தாண்டி வளரும் என்பதால், பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்குள் இந்த முயற்சியே பொருந்தாது. மாறாக, காங்கயம், மூலனூர் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் தடையே இல்லாததால் 12 முதல் 15 மீட்டர்க் கம்பம் போதும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கின்படி மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பணம் அளவாக இருந்தால் ஜெனரேட்டரைச் சிறிதாக்குங்கள், கம்பத்தைக் குட்டையாக்காதீர்கள்.

4. எங்க காட்டுல காத்து போதுமான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

அளந்து பார்ப்பதுதான் வழி. பக்கத்தில் பெரிய காற்றாலை நிற்பது சாட்சி ஆகாது. அது உங்கள் கம்பத்தைப் போலப் பல மடங்கு உயரத்தில் இருக்கும் காற்றைப் பிடிக்கிறது. காற்று வேகமானி ஒன்றை, அளவுகளைத் தானே பதிந்துகொள்ளும் கருவியோடு வாங்கி, காற்றாடி வரப்போகும் உயரத்தில் ஒரு பருவம் முழுவதும் வைத்திருப்பது நல்லது. சென்னையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் வெளியிட்டுள்ள காற்று வரைபடங்கள் ஒரு பகுதியின் பொதுநிலையைச் சொல்லும். உங்கள் வேலியோரப் பனைமரங்களை அவை அறியா.

5. பழைய கார் ஆல்டர்னேட்டர் ஒண்ணு கெடக்குது. அதையே மாட்டிக்கலாமா?

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அது நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளுக்காகச் செய்யப்பட்டது; நம் காற்றாடியோ 5 மீட்டர் காற்றில் 290 சுற்று அளவில்தான் சுழலும். பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினால் பெல்டிலேயே ஆற்றல் கரையும். போதாததற்கு, ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதி காந்தமாக இருப்பதற்கே பேட்டரியிலிருந்து மின்சாரம் தின்னும். மெல்லிய காற்றில் அது வரவைவிடச் செலவையே கூட்டும். பம்பு மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் வைத்து அதை ஜெனரேட்டராக ஓட்டும் யோசனையும் இதே வேகச் சிக்கலில்தான் போய் முடியும்.

மெதுவாகச் சுற்றும் காற்றாடிக்கு ஏற்றது, தட்டு வடிவ நிலைக்காந்த ஜெனரேட்டர். இரண்டு எஃகுத் தட்டுகளில் தலா 12 நியோடிமியக் காந்தங்களை வடக்கும் தெற்கும் மாறி மாறி வரும்படி ஒட்டி, இரண்டு தட்டுகளுக்கும் இடையில் ரெசினில் வார்த்த 9 செம்புக் காயில்களை நிறுத்த வேண்டும். ஃபேசுக்கு மூன்று காயில்களாக மூன்று ஃபேஸ் கிடைக்கும். காயிலுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் இழுத்துப் பிடிக்காது. மெல்லிய காற்றிலும் சுற்றத் தொடங்கும். தட்டுகளைத் தாங்குவதற்கு, முன்சக்கரத்தில் இயங்கும் பழைய கார் ஒன்றின் பின்சக்கர ஹப் பேரிங்கோடு நன்றாகப் பொருந்தும். லேத் பட்டறைக்கும் மோட்டார் காயில் கட்டுபவர்களுக்கும் பஞ்சமில்லாத கோவை வட்டாரத்தில் இதைச் செய்துகொள்வது கடினமன்று.

கம்பத்தில் ஏற்றும் முன் லேத்தில் பூட்டிச் சோதியுங்கள். 24 வோல்ட் பேட்டரிக்கு, நிமிடத்துக்கு 170 சுற்றில் எந்த இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு இடையிலும் 19 முதல் 20 வோல்ட் ஏசி வர வேண்டும். ரெக்டிஃபையரைத் தாண்டும்போது அது 25 வோல்ட் டிசி ஆகும். 3 மீட்டர் காற்றிலேயே சார்ஜ் ஏறத் தொடங்குவதற்கான அளவு அது. குறைந்தால் காயிலில் சுற்று போதவில்லை என்று பொருள். காந்தங்களைக் கையாளும்போது மட்டும் அவசரம் கூடாது. இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டால் இடையில் சிக்கும் விரலின் எலும்பு நொறுங்கும். திருகு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகவே இறக்க வேண்டும்.

6. றெக்கைக்கு சீலிங் ஃபேன் பிளேடு போட்டா ஆகாதா? பிவிசி பைப்பு?

மின்விசிறியின் இறக்கை காற்றைத் தள்ளுவதற்கு வளைக்கப்பட்டது. காற்றால் தள்ளப்படுவதற்கு அன்று. அதன் மெல்லிய தகடு பலத்த காற்றில் களைத்து முறியும். பிவிசி குழாயை நீளவாக்கில் வெட்டிச் செய்யும் இறக்கை ஒரு மீட்டர் விட்டம் வரை, பழகுவதற்கு ஏற்றது. நம் வெயிலில் பிவிசி நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைந்துவிடும் என்பதால் அதற்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன்.

2 மீட்டருக்கு மரமே சிறந்தது. முடிச்சில்லாத, ரேகை நேராக ஓடும், நன்றாக உலர்ந்த பலகையாக இருக்க வேண்டும். அடிப்பகுதி அகலமாகவும் சாய்வு மிகுந்தும், நுனி ஒடுங்கிச் சாய்வு குறைந்தும் இழைக்க வேண்டும். மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து, பூட்டிய பின் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை சமன் பார்க்க வேண்டும். 10 மீட்டர் காற்றில் இறக்கையின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்பதை நினைவில் வைத்தால், இந்த வேலையில் யாரும் சோம்பல் பட மாட்டார்கள்.

7. டிரம்ம ரெண்டா அறுத்து நட்டமா நிக்க வெச்சா எந்தப் பக்கக் காத்துக்கும் சுத்துமே?

சுற்றும், ஆனால் காற்றின் வேகத்தை ஒட்டியே சுற்றும் என்பதால் ஜெனரேட்டருக்குத் தேவையான வேகம் கிடைக்காது, எடுக்கும் ஆற்றலும் மூன்று இறக்கைக் காற்றாடியில் பாதிதான் இருக்கும். எடையும் கூட. மேலும் நம் பருவக்காற்று மாதக்கணக்கில் மேற்கிலிருந்தே வீசுகிறது. எல்லாத் திசைக்கும் சுற்றுவது இங்கே பெரிய ஆதாயமன்று.

8. 12 வோல்ட் போடலாமா, 24 போடலாமா, 48ஆ?

கம்பத்துக்கும் பேட்டரிக்கும் உள்ள தொலைவுதான் இதை முடிவு செய்யும். 30 மீட்டர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் டிசியாக 200 வாட் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் 17 ஆம்பியர் ஓட வேண்டும். போக வர 60 மீட்டர்க் கம்பியில் 4.5 வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 24 வோல்ட்டில் இழப்பு பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். 48 வோல்ட்டில் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். சாளைக்கு 24 வோல்ட் போதும். கம்பம் தொலைவில் இருந்தால் 48க்குப் போங்கள்.

12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 3.6 யூனிட் கொள்ளும். பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்தினால்தான் ஆயுள் நிற்கும் என்பதால், கையில் உள்ளது 1.8 யூனிட். அவை சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்; படுக்கையறையிலோ சமையலறையிலோ வைக்கக் கூடாது. காற்றாடியையும் பேட்டரியையும் சேர்த்து வீட்டு விளக்கெரிப்பது புதிதன்று. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தம் விடுமுறைக் குடிலுக்கு 1887இலேயே அதைச் செய்துவிட்டார்.

9. சோலாருக்கு வாங்குன சார்ஜ் கண்ட்ரோலர் இருக்குது. அதுலயே சேத்திக்கலாமா?

வேண்டாம். பேட்டரி நிரம்பியதும் சோலார் கண்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும். சோலார் பலகைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. காற்றாடியின் இணைப்பைத் துண்டித்தாலோ, சுமை நீங்கிய இறக்கைகள் கட்டுக்கடங்காத வேகத்துக்குப் போய்விடும். ஆடிக்காற்றில் அது சில நொடிகளில் நடக்கும். வோல்ட்டும் ஏறிக் கண்ட்ரோலரைக் கருக்கிவிடும்.

காற்றாடிக்கு வேண்டியது, நிரம்பிய பின் வரும் மின்சாரத்தை ஹீட்டர் கம்பி போன்ற ஓர் உபரிச் சுமைக்குத் திருப்பிவிடும் கண்ட்ரோலர். அந்தச் சுமை காற்றாடியின் உச்ச அளவையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். சோலாரும் காற்றாடியும் ஒரே பேட்டரிக்கு வரலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் கண்ட்ரோலர் தனியே இருக்க வேண்டும் என்பதே விதி.

10. சூறைக்காத்து வந்தா கழண்டு பறந்துறாதா?

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் பறக்கும். நல்ல கட்டமைப்பில், இறக்கைகளின் மையத்தைக் கம்பத்தின் மையத்திலிருந்து சற்றே பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துவார்கள். வாலைச் சாய்வான கீலில் தொங்கவிடுவார்கள். காற்று மிகும்போது அதன் தள்ளுவிசை காற்றாடியைப் பக்கவாட்டில் திருப்ப, வால் தன் எடையை மீறி மடங்கும். இறக்கை வட்டம் காற்றுக்கு நேராக நிற்காமல் ஒருக்களித்துக்கொள்ளும். காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே கீழிறங்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். வாலின் எடை கூடினால் இது தாமதமாகவும், குறைந்தால் தேவைக்கு முன்பாகவும் நடக்கும் என்பதால், முதல் பருவத்தில் எடையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தே சரிசெய்ய முடியும்.

மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒரு சுவிட்ச் மூலம் ஒன்றாக இணைத்தால் காற்றாடி நின்றுவிடும். இந்த பிரேக்கைக் காற்று தணிவாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். முழு வேகத்தில் சுழலும்போது போட்டால் நிற்காமலே காயில்கள் கருகலாம். சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வந்து வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போகும் சூறை, பருவக்காற்றைவிட ஆபத்தானது. மேகம் கறுக்கும்போதே பிரேக்கைப் போட்டுவிடுங்கள்.

11. கம்பத்துக்கு எத்தனை வலு வேணும்?

மணிக்கு 90 கிலோமீட்டர்ச் சூறையில், ஒருக்களிக்கத் தவறிய 2 மீட்டர் காற்றாடி கம்பத்தின் உச்சியை ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். எனவே நான்கு திசையிலும் ஸ்டே கம்பி கட்டிய இரும்புக் குழாய்க் கம்பமே பொருத்தம். நங்கூரங்கள் கம்பத்திலிருந்து, அதன் உயரத்தில் பாதித் தொலைவுக்காவது தள்ளி இருக்க வேண்டும். செம்மண்ணைவிடக் கரிசலில் கவனம் கூடுதலாக வேண்டும். அது மழையில் இளகும், கோடையில் வெடிக்கும். அங்கே காங்கிரீட் நங்கூரத்தை ஆழமாகவும் அகலமாகவும் இறக்கி, ஒவ்வொரு மழைக்குப் பின்பும் கம்பியின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அடியில் கீல் வைத்துச் சாய்க்கும்படி கம்பத்தை அமைத்தால் பழுது பார்க்க யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில் சாய்த்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, இறக்கைக்கு வண்ணம் பூசி, நட்டு போல்ட்டுகளை இறுக்கிவிட வேண்டும். கம்பம் விழக்கூடிய வட்டத்துக்குள் வீடும், கட்டுத்தறியும், மின்வாரியக் கம்பியும் இருக்கக் கூடாது. மின்கம்பியின் மேல் சாயும் கம்பம் அதைப் பிடித்திருப்பவரைக் கொன்றுவிடும்.

12. இடி விழுந்தா?

ஐப்பசி இடிமழையில் தனித்து உயர்ந்த இரும்புக் கம்பம் மின்னலை வாங்கும் வாய்ப்பு உண்டு. கம்பத்துக்கும் ஒவ்வொரு ஸ்டே கம்பிக்கும் தனித்தனி எர்த் அடித்து, அவற்றைத் தடித்த கம்பியால் ஒன்றாக இணையுங்கள். வீட்டுக்கு வரும் கம்பியில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். அந்த மாதங்களில் காற்று எப்படியும் குறைவு என்பதால், பிரேக்கைப் போட்டு இணைப்பைக் கழற்றி வைத்தாலும் நட்டமில்லை.

13. 5 எச்பி போர் மோட்டார் ஓட்டற மாதிரி பெருசாக் கட்டுனா?

5 எச்பி என்பது 3.7 கிலோவாட். இரண்டாம் கேள்வியின் கணக்கில் 8 மீட்டர் காற்றில் 230 வாட் தரும் 2 மீட்டர் காற்றாடியை 16 மடங்காக்க வேண்டும். அதற்கு விட்டம் 8 மீட்டர் ஆக வேண்டும். அது பட்டறை வேலை அன்று, பொறியியல் நிறுவனத்தின் வேலை. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் பன்மடங்கு மின்சாரம் இதற்கு மேலும் இருக்கிறது.

14. கோழிப்பண்ணையில பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க ஓடுது. அது முன்னாடி வெச்சா சும்மா போற காத்துலயே கரண்டு வருமே?

பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் நூற்பாலைக்காரர்களும் விடாமல் கேட்பது இது. அந்தக் காற்று சும்மா போவதன்று. நீங்கள் கட்டணம் கட்டி உண்டாக்கிய காற்று. அதன் முன் காற்றாடியை நிறுத்தினால் வெளியேறும் வழி அடைபடும். விசிறி தள்ளும் காற்றின் அளவு குறைந்து பண்ணைக்குள் வெப்பம் ஏறும்; அதை ஈடுகட்டக் கூடுதல் நேரம் ஓட்டுவீர்கள். காற்றாடியில் வரும் வரவு அந்தச் செலவை எட்டாது. ஓடும் வண்டியின் மேல் காற்றாடி வைப்பதற்கும் இதே பதில்தான்.

15. பேசாம சோலாரே போட்டுட்டா என்னங்க?

பணக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அதுவே சரி. ஒரு கிலோவாட் சோலார் இப்பகுதியில் நாளுக்கு 4 யூனிட் அளவில், வருடத்துக்கு 1,400 யூனிட் தரும். நம் காற்றாடி வருடத்துக்கு 400 யூனிட்டைத் தொடுவதே பெரிது. பராமரிப்பும் சோலாருக்கு மிகக் குறைவு. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்றிருக்கும் ஊரில், மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் காற்றாடி கட்டுவதில் பொருளில்லை.

காற்றாடி பயன்படும் இடம் வேறு. மலைக்கு அப்பால் மழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் இங்கே நாள் முழுதும் மேகம் மூடி, சோலார் இறங்கிவிடும். அதே நாட்களில் காற்று இரவும் பகலும் நிற்காது. மின்இணைப்பு எட்டாத காட்டுச் சாளையில், சோலாரை முதலாகவும் காற்றாடியைத் துணையாகவும் வைத்தால் பேட்டரி சிறியதாக இருந்தாலே போதும். இணைப்பு இருக்கும் வீட்டில் இதைக் கட்டுவதற்குக் கைவேலை ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆசை தவறென்றும் சொல்ல மாட்டேன்.

16. மிச்சமாகற கரண்ட ஈபி லைன்ல உட்டு மீட்டரப் பின்னால ஓட்டலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

அனுமதியின்றி அப்படிச் செய்வது சட்டமீறல். அதைவிட, கொலைக்கு ஒப்பானது. மின்தடை நேரத்தில் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் மீது, உங்கள் வீட்டிலிருந்து போகும் மின்சாரம், டிரான்ஸ்ஃபார்மர் வழியே பின்னோக்கி ஏறி உயர் மின்னழுத்தமாகப் பாயும். லைனில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும் சான்று பெற்ற இன்வெர்ட்டரும், மின்வாரியத்தின் எழுத்துவழி ஒப்புதலும் இல்லாமல் எந்த உற்பத்தியையும் லைனோடு இணைக்கக் கூடாது. மிச்சமாவதை ஒன்பதாம் கேள்வியில் சொன்ன உபரிச் சுமைக்கே விடுங்கள்.

காற்றாடி இன்வெர்ட்டரையும் ஈபி இணைப்பையும் ஒரே வீட்டில் பயன்படுத்துவோர், இரண்டும் ஒருபோதும் ஒன்று சேராதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையைக் கேட்டு வாங்கி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே பொருத்துங்கள்.